தட்டினால் விடணும்

சவரியப்பன் மகள் பிரின்சி வாங்கி வந்த மெடல்களை மாட்ட அந்த வீட்டில் ஒரு ஆணி நிற்காது. மண்சுவர். அடித்தால் ஆணியோடு ஒரு கை மண்ணும் சேர்ந்து வரும். அதனால் மெடல்களெல்லாம் அரிசி ட்ரம்முக்குள் கிடந்தன. மாசக் கடைசியில் மார்கரெட் உழக்கை விட்டு அள்ளும்போது டங்கென்று சத்தம் கேட்கும். "அரிசி தீந்துபோச்சுடி, மெடலு வந்துடுச்சு" என்று மகளைக் கூப்பிட்டுச் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைச்சல் இருந்ததில்லை, பகல் வேளைகளில்.

நான் அவர்களுக்கு எதிர்வரிசை. கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரி. கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கிற எங்கள் தெருவிலிருந்து விடியுமுன் டிராக்டர் புறப்பட்டால், மூங்கில்துறைப்பட்டு சுற்றுவட்டாரத்தில் எந்தக் கரும்புக் கொல்லைக்கு மில்லிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருக்கிறதோ அங்கே போய் இறங்குவோம். சவரியப்பனும் மார்கரெட்டும் கல்யாணமான நாளிலிருந்து என் செட்டு. அவன் வெட்டுவான். அடிவெட்டு தரையை ஒட்டிப் போகும், ஒரு விரற்கடை கட்டை நிற்காது. அவள் பின்னாலேயே காய்ந்த சோகை கழித்து, நுனிக் கொழுந்தாடையை முறுக்கிக் கயிறாக்கி, முழங்காலால் அழுத்திக் கட்டு கட்டுவாள். மார்கரெட் போட்ட கட்டு லாரியில் ஏற்றும்போதும் அவிழாது, மில்லில் இறக்கும்போதும் அவிழாது. வேலையில் அப்படி ஒரு ஜோடி என் செட்டில் கிடையாது. கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் வம்பெல்லாம்.

குடிக்காத சவரியப்பன் வாய் திறந்து ஒரு சொல் பேசமாட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நிற்பான். குடித்த சவரியப்பன் மார்கரெட்டை அடிப்பான். அதற்குக் காரணம் ஒன்றும் தேவையில்லை. குழம்பு சுட்டாலும் அடிப்பான், ஆறிப்போயிருந்தாலும் அடிப்பான். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து பாக்கெட்டில் வருகிற சாராயம். ரெய்டு நடந்தால் நாலு நாள் வராது, அப்போது கடைச் சரக்கு. அந்த ஜூன் மாசம் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்தார்களே, அதற்குப் பிறகாவது திருந்துவானென்று பார்த்தோம். அவன் மட்டுமா, தெருவில் ஒருவரும் திருந்தவில்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்த அசதிக்கே குடித்தவர்கள் உண்டு. மனுஷ ஜென்மத்தைப் பற்றி இதற்குமேல் நான் என்ன சொல்ல.

பிரின்சி ஆடியது ஜியு-ஜிட்சு. பிரேசில் நாட்டு ஆட்டமாம். எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் அந்தப் பேர் வாயில் நுழையாது. 'படுத்துக்கினு போடற மல்லு' என்பார்கள். அதுவும் சரிதான். குத்து கிடையாது, உதை கிடையாது. ஆளைத் தரையில் சாய்த்துக் கையையோ கழுத்தையோ வசமாய்ப் பிடிக்க வேண்டும். பிடிபட்டவர் முடியவில்லை என்றால் பிடித்தவர் உடம்பில் இரண்டு தட்டு தட்டவேண்டியது. தட்டினால் ஆட்டம் முடிந்தது. அந்தக் கணமே பிடியை விட்டுவிட வேண்டும்.

சொல்லிக்கொடுத்தவன் செழியன், ரிஷிவந்தியத்துக்காரன். அபுதாபியில் ஒரு ஜியு-ஜிட்சு கிளப்பில் தரை கூட்டப் போனவன். பிள்ளைகள் போன பிறகு அங்கிருந்த வாத்தியாருக்கு ஜோடி போட ஆள் இல்லாமல் இவனை இழுத்துப் போட்டு உருட்டியிருக்கிறார். உருட்டுப்பட்டே கற்றுக்கொண்டான். எல்லோரும் அங்கிருந்து தங்கம் கொண்டுவந்தால் இவன் இடுப்பில் ஒரு ஊதா பெல்ட்டோடு வந்தான். பெற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் சும்மா கிடந்த மரவள்ளி குடோனைப் பிடித்து, உமி மூட்டைகளை அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி வகுப்பு ஆரம்பித்தான். முதலில் வந்த பிள்ளைகளுக்கு ஒரு வாரம் தட்டவும் விடவும் மட்டும்தான் சொல்லிக்கொடுத்தான். "தட்டினா வுடணும். அது தெரியாதவன் இங்க எதையும் புடிக்கக் கூடாது" என்பான்.

பள்ளிக்கூடத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்த பிரின்சி அங்கே போய்ச் சேர்ந்தாள். விடியுமுன் கோமுகி வாய்க்கால் கரையில் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெள்ளிமலை ரோட்டில் ஏற்றம். போட்டிக்கு எடை பார்க்கும் வாரங்களில் சோறு தொடமாட்டாள். அவித்த மொச்சையும் செழியன் வாங்கித் தரும் முட்டையும்தான். உரசி உரசி அவள் காது மடல் இரண்டும் தடித்துச் சுருண்டு போயின. கம்மல் நிற்கவில்லை. "பொண்ணு காதாடி இது, பணியாரம் மாதிரி" என்று மார்கரெட் தடவிப் பார்த்து அழுவாள். மாநிலத்தில் அவளை அடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. எதிரியின் முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கை போட்டாளென்றால் அவ்வளவுதான். அதுதான் அவளுடைய பிடி.

அந்தப் பிடியை அவள் வீட்டில் முதல்முதலாய்ப் போட்டது ஒரு வெட்டு சீசனில். சவரியப்பன் விறகுக் கட்டையால் மார்கரெட்டை அடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் நாலு பேர் வாசலில் நின்று, "வுடுப்பா, வுடுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குமேல் யார் போய் மாட்டிக்கொள்வது? வகுப்பு முடிந்து வந்த பிரின்சி, சிமெண்ட் மூட்டை போல விறைத்த, ஆட்டத்துக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னாலிருந்து பிடித்தாள். சவரியப்பன் கண்ணைச் செருகிக்கொண்டு சரிந்தான். நாங்கள் செத்தான் என்றே நினைத்தோம். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம். எழுந்து உட்கார்ந்து எங்களை ஒவ்வொருவராய்ப் பார்த்தான். "இன்னா எல்லாரும் வந்துக்கிறீங்க?" என்றான். பிறகு போய்ப் பாயில் படுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் அப்பனும் மகளும் பேசிக்கொண்டதை நான் டிராக்டருக்கு ஆள் கூப்பிடப் போனபோது கேட்டேன். அவன் பழைய சோற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிமேட்டு அம்மா மேல கைய வச்சா நான் புடிப்பேம்பா. வலிக்காது. முடியலன்னா என் கையில ரெண்டு தட்டு தட்டு, வுட்டுர்றேன். ஆனா தட்டிட்டன்னா அன்னிக்கு அதோட சரி. போய்ப் படுத்துக்கணும்."

"போதையில மறந்துட்டா?"

"மறக்க மாட்ட. கழுத்து இறுகுனா கை தானா தட்டும்."

சவரியப்பன் மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "சரி" என்றான்.

பங்குச்சாமியார் முன்னால் செய்த சத்தியம், மார்கரெட் தலையில் அடித்துச் செய்த சத்தியம், எதையும் காப்பாற்றாதவன் இதைக் காப்பாற்றினான். அதைத்தான் என்னால் இன்னும் நம்பமுடியவில்லை. எத்தனை போதையாக இருந்தாலும் பிரின்சி கை கழுத்தில் பட்டதும் இரண்டு தட்டு தட்டுவான். அவள் விடுவாள். அவன் முனகிக்கொண்டே போய்ப் படுப்பான். மகளிடம் தோற்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்ததோ என்னவோ.

தெருப் பெண்கள் சும்மா இருப்பார்களா? முதலில் வந்தது அடுத்த வீட்டுப் பெரியநாயகி. "பாப்பா, எங்கூட்டுக்காரரு அம்மிக் கொழவியத் தூக்கிக்கினு நிக்கறாரு. சித்த வந்து தூங்க வச்சிட்டுப் போயேன்" என்று கூப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரின்சி எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போய், இடது கையால் காரியத்தை முடித்துவிட்டு வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள். பிறகு அந்தக் கோடி வீடு, இந்தக் கோடி வீடு. குழந்தைக்கு மந்திரிக்கக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்கள். ஆம்பிளைகள் பகலில் கரும்புக் கொல்லையில் ஒருத்தனை ஒருத்தன் கிண்டல் பண்ணிக்கொள்வார்கள். "இன்னாடா, நேத்து உன்னையும் தூங்க வச்சாளாமே" என்பார்கள். வெட்கம் இருந்தால்தானே குடியை விடுவதற்கு.

செழியனுக்குச் செய்தி போனது. வண்டியை மிதித்துக்கொண்டு வந்துவிட்டான்.

"இன்னாக்கா இது? அவ கத்துக்கினது ஆசியப் போட்டிக்கா, இல்ல தண்ணி போட்டவனுங்களத் தாலாட்டறதுக்கா?"

"உனக்கு இன்னா தம்பி, நீ பேசிட்டு வூட்டுக்குப் போயிடுவ" என்றாள் மார்கரெட். "ராத்திரி ஆனா இங்க கெடக்கறது நாங்கதான்."

"போட்டியில புடிச்சா பக்கத்துலயே ரெஃபரி நிக்கறான், டாக்டர் நிக்கறான். இங்க எவன் நிக்கறான்? எவனாவது ஒருத்தன் எழுந்திரிக்காமப் போயிட்டான்னா இவதான் உள்ள போவா. அப்புறம் பாஸ்போர்ட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது. யாருனா ஒருத்தி வந்து கோர்ட்டுல சாட்சி சொல்லுவாளா, சொல்லு?"

"மாஸ்டர், வுடுங்க. இனிமே போமாட்டேன்" என்றாள் பிரின்சி. சொன்னபடி மற்ற வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். பெரியநாயகி ஒரு மாசம் பேசவில்லை. ஆனால் சொந்த வீட்டில் எப்படி நிறுத்துவது? அப்பனை அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வம்பு அங்கேதான். தேசியப் போட்டியில் ஜெயித்தால்தான் அபுதாபியில் நடக்கிற ஆசியப் போட்டிக்குப் போகலாம். அதற்கு ரயிலேறி வெளியூரில் போய்த் தங்க வேண்டும். அத்தனை நாள் மார்கரெட்டை யார் பார்த்துக்கொள்வது? போன வருஷம் இதற்காகவே பிரின்சி போகவில்லை. முழங்கால் வலி என்று செழியனிடம் பொய் சொன்னாள். அவன் நம்பவில்லை. "ஆசியாவுல போய் நிக்க வேண்டியவ வூட்டு வாசப்படியில காவலுக்கு நிக்கறா" என்று என்னிடம் வந்து அழுதான். இந்த ஆட்டத்தில் வயசு நிற்காது. இந்த வருஷமும் விட்டால் பிறகு கரும்புக் கொல்லைதான்.

இந்த வருஷம் மார்கரெட் விடவில்லை. "எனக்கும் அத சொல்லிக் குடு. நீ போயிட்டு வா" என்றாள்.

"உனக்கு எதுக்கும்மா?"

"நான் இன்னா பச்சப்புள்ளயா? உங்கப்பன நான் தூங்க வச்சிக்கறேன்."

பிரின்சி சிரித்தாள். வேலியோரம், துணி காயப்போடுகிற இடத்தில், அம்மாவுக்கு மகள் சொல்லிக்கொடுத்தாள். தெருப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று சிரித்தார்கள். மார்கரெட் பின்னாலிருந்து பிடித்ததும் பிரின்சி முகம் சிவந்து அவசரமாய்த் தட்டினாள். மார்கரெட் விட்டாள்.

"யம்மா! கரும்புக் கட்டா இது, இந்த அழுத்து அழுத்தற? சொம்மா கைய போட்டா போதும். தட்டினா வுட்டுடணும், தெரியுதா?"

"தெரியும்டி. இத்தினி நாளா பாத்துக்கினுதான இருக்கறேன்."

புனேவில் போட்டி. பிரின்சியும் செழியனும் ரயிலேறினார்கள். இறுதிப் போட்டி பெரியநாயகி போனில் நேரலையாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை, வெட்டு இல்லை. தெருவே அந்தப் போனைச் சுற்றி நின்றது. எதிரி ஒரு ஹரியானாப் பெண், பனைமரம் போல் வளர்த்தி. பிரின்சியைக் கீழே போட்டு வெகுநேரம் அழுத்தி வைத்திருந்தாள். சவரியப்பன் குடிக்காமல் நின்று பார்த்தான். "எழுந்திரு கண்ணு, எழுந்திரு" என்று போனுக்குச் சொன்னான். எப்படிப் புரண்டாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை, திடீரென்று பிரின்சி அந்தப் பெண்ணின் முதுகில் இருந்தாள். கை கழுத்தைச் சுற்றியது. அந்தப் பெண் இரண்டு தட்டு தட்டினாள். பிரின்சி உடனே விட்டுவிட்டு அப்படியே விரிப்பில் முகம் புதைத்து அழுதாள்.

சவரியப்பனும் அழுதான். தெருவில் வருகிறவன் போகிறவனையெல்லாம் கட்டிப் பிடித்து, "எம் பொண்ணு அபுதாபி போறா" என்றான். அந்தச் சந்தோஷத்திலேயே போய்க் குடித்தான். துக்கத்துக்குக் குடிக்கிறவனை ஏதாவது சொல்லித் தடுக்கலாம், சந்தோஷத்துக்குக் குடிக்கிறவனை எதைச் சொல்லித் தடுப்பது?

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தவன் கோழியடித்துக் குழம்பு வை என்றிருக்கிறான். "பொண்ணு வரட்டும், ஜெயிச்சவ அவதான" என்றாள் மார்கரெட். "எம் பொண்ணு ஜெயிச்சதுக்கு நான் தின்னக் கூடாதா?" என்று ஆரம்பித்து, கரும்புக் கத்தியின் பின்புறத்தால் தோளில் அடித்தான். இரண்டாவது அடிக்கு ஓங்கும்போது மார்கரெட் பின்னால் போய்ப் பிடித்தாள்.

அந்த வேளையில் பிரின்சி புனே ரயில் நிலையத்தில் கழுத்தில் மெடலோடு உட்கார்ந்து, வாரக்கணக்கில் தொடாத சோற்றைப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போட்டி முடிந்ததிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டும் கிடைக்கவில்லை. அப்போதுதான் கிடைத்தது. பக்கத்தில் செழியன் இருந்தான். போனைச் சத்தமாய் வைத்துப் பேசியிருக்கிறாள். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"செயிச்சிட்டியாமே. சாப்டியா?" என்றாள் மார்கரெட்.

"சாப்டுக்கினே இருக்கறேம்மா. அப்பா எங்க? பாத்தாராம்மா?"

"பாத்தாரு. தூங்கறாரு."

"இந்நேரத்துக்கா? நீ தூங்க வச்சியா?" என்று பிரின்சி சிரித்தாள்.

"ஆமா."

"பார்றா! எப்ப?"

"வெளக்கு வக்கச்சொல்ல."

பிரின்சி போனைத் தள்ளிப் பிடித்து மணி பார்த்தாள். விளக்கு வைத்து ஒரு மணி நேரம் போயிருந்தது. அந்தப் பிடியில் யாரும் அத்தனை நேரம் தூங்குவதில்லை என்று அவளுக்குத் தெரியும். கையிலிருந்த சோறு பொட்டலத்தில் விழுந்தது என்றான் செழியன்.

"அம்மா, தண்ணி தெளிச்சியா?"

"தெளிச்சேன்."

"மூச்சு? மூக்காண்ட கைய வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் கண்ணு. நீ வந்துடு."

அடுத்த போன் பெரியநாயகிக்கு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். மார்கரெட் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கத்தி கிடந்தது. அவள் தோள் வீங்கிக் கருத்திருந்தது. பெரியநாயகி கதவைச் சாத்திவிட்டு, "சாராயத்துல போயிட்டாருன்னு சொல்லு. நம்ம ஊருல யாரும் இன்னா ஏதுன்னு கேக்கமாட்டாங்க" என்றாள். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது.

அங்கேதான் தப்பு செய்தோம். அந்த ஜூன் மாசத்துக்கு முன்னால் என்றால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இப்போது இந்த ஊரில் ஒருவன் சாராயத்தில் செத்தான் என்று வாயைத் திறந்தால் போதும். விடியுமுன் ஆறு ஜீப் வந்து நின்றது. தாசில்தார், போலீஸ், டாக்டர், டிவிக்காரர்கள். தெருவில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய் ரத்தம் எடுத்தார்கள். சவரியப்பனை அறுத்துப் பார்த்தார்கள். குடித்தது கெட்ட சரக்கு இல்லை, கழுத்தில்தான் விஷயம் என்று தெரிந்துவிட்டது. மாரடைப்பு என்று சொல்லியிருந்தால் வெள்ளைச் சட்டை போட்டு நிம்மதியாய்ப் புதைத்திருப்போம்.

இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டது பிரின்சியைத்தான். அவள் அன்றைக்கு எங்கே இருந்தாள் என்று இந்தியா முழுக்கப் பார்த்திருக்கிறது. அந்த வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். "நான்தாங்க புடிச்சேன்" என்றாள் மார்கரெட். இழுக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"இந்தத் தெருவுல ஆம்பளைங்க கழுத்தப் புடிக்கறது வழக்கமாமே?" என்று பெண்களைக் கேட்டார் இன்ஸ்பெக்டர். எச்சில் கையோடு பிரின்சியை ஓடவைத்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் பெரியநாயகி. அவன் அடிப்பான் என்பதுகூடத் தெரியாதாம். அன்றைக்கு அவர்களை அறைந்திருப்பேன். நானும் வாயைத் திறக்கவில்லை என்பதால் சும்மா இருந்தேன்.

பிரின்சி வந்து சேர்ந்தபோது அப்பன் ஆஸ்பத்திரியிலும் அம்மா ஸ்டேஷனிலும் இருந்தார்கள். மகன் இல்லாத வீடு, அவளே அடக்கம் பண்ணினாள். பிறகு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போய் அம்மாவைப் பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

"உனக்குத் தெரியலல்லம்மா? அவரு தட்டினது உனக்குத் தெரியல. அதான?" என்று கேட்டிருக்கிறாள். வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

"தட்டினாரு" என்றாள் மார்கரெட். "ரெண்டு தட்டு தட்டினாரு. மறுபடியும் தட்டினாரு. தட்டினா வுடணும்னு எனக்குத் தெரியாதாடி? நான் வாக்கப்பட்டு வந்த நாள்லயிருந்து தட்டிக்கினேதான் இருந்தேன். கைய எடுத்துக் கும்பிட்டேன், கால்ல வுழுந்தேன். அந்தாளு எப்பனா வுட்டாரா?"

பிரின்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்புறம் வுட்டேன்" என்றாள் மார்கரெட். "நீ இதக் காரணம் காட்டிக்கினு நின்னுடாத. அபுதாபி போ. உனக்காவத்தான் நான் கத்துக்கினேன்."

போகமாட்டேன் என்றுதான் இருந்தாள். செழியன்தான் விடவில்லை. நடையாய் நடந்து ஜாமீனும் எடுத்துக்கொடுத்தான். மார்கரெட் வெளியே வந்தாள். பிரின்சி விமானம் ஏறினாள். தான் கூட்டிப் பெருக்கிய ஊருக்குத் தன் மாணவியைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று செழியனுக்குப் பெருமை தாங்கவில்லை. புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனான்.

அங்கே நடந்தது இதுதான். முதல் போட்டி, கஜகஸ்தான் பெண். நல்ல ஆட்டக்காரி, ஆனால் பிரின்சி அளவுக்கு இல்லை. பிரின்சி அவள் முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டாள். இறுகவில்லை இன்னும். அந்தப் பெண் பிடியைப் பிரிக்க விரலைத் தேடியபோது அவள் உள்ளங்கை பிரின்சியின் கையில் பட்டது. பட்டதுதான் தாமதம், பிரின்சி பிடியை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். ரெஃபரி ஒன்றும் சொல்லவில்லை. தட்டியிருந்தால்தானே சொல்வதற்கு. அந்தப் பெண் திரும்பிப் பிரின்சியின் காலை வாரிக் கீழே போட்டுக் கையை மடக்கினாள். பிரின்சி தட்டினாள்.

"ஏன் வுட்ட?" என்று செழியன் கத்தினான்.

"தட்டினா மாஸ்டர்."

"அவ தட்டல! கைய புடுங்கப் பாத்தா!"

"பட்டுச்சு மாஸ்டர். கை பட்டுச்சு."

ஊருக்கு வந்து செழியன் எவ்வளவோ பாடுபட்டான். வகுப்பில் பிடிக்கிறாள், நன்றாகப் பிடிக்கிறாள். எதிரியின் விரல் பட்டதும் விட்டுவிடுகிறாள். சென்னைப் போட்டியில் அப்படித் தோற்றாள். கோயம்புத்தூரில் தோற்றாள். இந்த உலகத்தில் இரக்கத்தைப் போல வேகமாய்ப் பரவுகிற ரகசியம் கிடையாது. 'கள்ளக்குறிச்சி பிரின்சி கழுத்தைப் பிடித்தால் பயப்படாதே, லேசாய்க் கையைத் தொடு, விட்டுவிடுவாள்' என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கடைசியாய் அவளைத் தோற்கடித்தவள் மூன்று மாசம் முன்னால்தான் இந்த ஆட்டம் கற்க ஆரம்பித்த ஒரு சேலத்துப் பெண். தொட்டுவிட்டு அவள் சிரித்தாளாம். அதோடு பிரின்சி கோட்டை மடித்து வைத்துவிட்டாள்.

இப்போது அவள் என் செட்டு. அப்பன் கத்தியை அவள் எடுத்திருக்கிறாள். அடிவெட்டு அவனைப் போலவே தரையை ஒட்டிப் போகிறது. பின்னால் மார்கரெட் சோகை கழித்துக் கட்டு கட்டுகிறாள். கேஸ் நடந்துகொண்டிருக்கிறது.

போன வாரம், கொல்லையில் மத்தியானக் களியைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தோம். செழியன் மறுபடியும் வந்து பேசிவிட்டுப் போயிருந்தான். நல்ல வெயில். சோகை கிழித்த கைகளில் மார்கரெட் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"கைய தொட்டா வுட்டுர்றியாமே" என்றாள் மகளிடம். "அந்தத் தம்பி அழுதுக்கினு போவுது. அவங்க பாசாங்கு பண்றாங்கடி. வுடாத. புடிச்சா நீ வுடாத."

பிரின்சி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீ அன்னிக்கு வுட்டிருந்தா நான் ஏம்மா வுடறேன்?"

எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. மார்கரெட் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"வாஸ்தவம்தான்" என்றாள். "உன் பொழப்பக் கெடுத்துட்டேன். அது எனக்குத் தெரியுது, அதுக்காவ தெனிக்கும் அழுவறேன். ஆனா உங்கப்பனுக்காவ அழலாம்னு உக்காந்தா அழுவ வரமாட்டேங்குதுடி. வெளக்கு வக்கற நேரம் வருது, நான் பாட்டுக்கு அடுப்பண்ட உக்காந்துக்கினு இருக்கறேன். யாரும் அடிக்கல. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

பிரின்சி தீட்டிய கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்து வரிசைக்குள் போனாள். மார்கரெட் கொழுந்தாடையை அள்ளிக்கொண்டு அவள் பின்னால் போனாள். லாரி வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்று நான் சத்தம் போட்டேன்.